எனக்குச் சுலபமான கம்ப்யூட்டர்

எனக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள், ரிட்டயராகி வீட்டில் இருக்கும் என் கணவரும், திருப்பத்தூரில் மொபைல் கடை வைத்திருக்கும் கொழுந்தனாரும். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒரே ஆள் நான். என்னைக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

எது சுலபம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விவாதம் நடந்தது. பழையது அப்டேட் கேட்டே உயிரை எடுக்கிறது, புதியதில் வைரஸ் வராது, பொம்பளைகள்கூடப் பழகிக்கொள்ளலாம் என்றார் கொழுந்தனார். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தும் பொம்பளை மூன்று முறை காபி கொடுத்தாள்.

அதில் என் ஆய்வேடு இருந்தது. முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் லீவு நாட்களில் கண்டரமாணிக்கம், நேமத்தான்பட்டி என்று பஸ் ஏறிப் போய், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதியது. இருநூற்றுப் பத்துப் பக்கம். அடுத்த மாதம் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை தொட வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார்கள்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, என் கணவர் காலண்டரில் நல்ல நேரம் பார்த்திருக்கிறார். பத்தே கால் வரைதான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடமும் காட்டியாகிவிட்டது. கொழுந்தனார் வந்த பஸ் லேட். பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்த அவசரத்தில் பென் டிரைவை யார் தேடுவது? எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. என் கணவர் யோசிக்காமல் ஆமாம் போட்டிருக்கிறார். எங்கள் கல்யாண முகூர்த்தத்துக்குக்கூட மனிதர் இவ்வளவு பதறவில்லை.

சாயங்காலம் வந்து தேடினேன். ஒன்றுமே இல்லை. தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். கொழுந்தனார் கிளம்பிப் போன வேகத்தில் ஹெல்மெட்டை மறந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். பஸ்ஸில் வந்தவரிடம் மறப்பதற்கு ஒன்றுமில்லை.

கையில் மிஞ்சியது பேராசிரியருக்காக எடுத்த ஒரு பிரிண்ட் மட்டும். மறுநாள் அதை என் கணவர் முன்னால் வைத்து, சுலபமான கம்ப்யூட்டர்தானே, நீங்களே அடித்துக் கொடுங்கள் என்றேன். ழகரத்தைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் நாள் தலைப்பும் அரைப் பக்கமும் தேறின. எழுத்து எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்படியில் வேலையாக இருந்தேன். எனக்குப் பரம திருப்தி.

ஒன்பதாம் நாள் தட்டும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் குடும்பத்து வயலின் பெயர் இருந்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வயலுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்கே தெரியாது. இதெல்லாம் நீயா எழுதுன?"

"ஆமா."

"நாலு வருசமா எங்குட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லலயே?"

"நீங்க எங்க கேட்டீக?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டார். முதல் நாளே அதை அடித்தவர் அவர்தான்.