எட்டாம் மாடியில் எகிப்து

புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்டில் நாங்கள் முதலில் இருந்த எட்டாம் மாடி அப்பார்ட்மென்டில் ஒரு பெரிய படம் தொங்கியது. பழைய சாமான் கடையில் அதைக் கண்ட அம்மா விடவே இல்லை. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய தெரு, நீள அங்கி போட்ட தாடிக்காரர், அருகில் ஒரு கழுதை, சுவரோரம் முக்காடிட்டு மடியில் பிள்ளையோடு ஒரு பெண். எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பம், சூசையப்பரும் மாதாவும் பாலனும் என்று அம்மா அங்கேயே முடிவுகட்டிவிட்டார். ஒளிவட்டத்தைக் காணோமே என்றேன். அகதியாய்ப் போனவர்களுக்கு ஏது ஒளிவட்டம் என்று என் வாயை அடைத்தார். அதை பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு மானம் போய்விட்டது.

அப்பா அப்போது மன்னாரில், விசாவுக்காகக் காத்திருந்தார். அவர் வந்துசேர வேண்டுமென்று பின்னேரம் தவறாமல் அந்தச் சூசையப்பருக்கு முன் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்வோம். தொடக்கத்தில், முழங்கால் நோகிறது என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. அந்த நோவுக்கு இன்றைக்கு ஏங்குகிறேன்.

அடுத்த வீட்டு அல்ஜீரியப் பெண் ஒருநாள் எங்கள் சட்டியைத் திருப்பித் தர வந்தார். படத்தைக் கண்டதும் சிரித்தார். இது தன் ஊர்ப் பக்கத்துத் தெரு, முன்னொரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த யாரோ வரைந்தது என்றார். அந்த ஆள் தண்ணீர் விற்பவர், தோளில் தோல்பை தெரிகிறதே. நடுத்தெருவில் எந்தப் பெண் இப்படிப் பிள்ளையோடு குந்தியிருப்பாள், வரைந்தவன் தன் ஆசைக்கு உட்கார வைத்திருக்கிறான் என்றும் சொன்னார்.

எல்லாம் இங்கிலிஷில். அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுத் திமிரில் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுச் சோபாவில் இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அம்மா படத்தைக் கழற்றிவிட்டால் அப்பா வரவே மாட்டார் என்று தோன்றியது. அது மடத்தனம் என்றும் தெரிந்தது.

பின்னேரம் வழக்கம்போல அம்மா மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

“தண்ணி விக்கிறவரெண்டால் என்ன, அவர் வாற வழியையும் வீட்டில ஆக்கள் பாத்துக்கொண்டுதான் இருப்பினம். முழங்காலில நில்.”

அன்றிலிருந்து அந்தத் தண்ணீர்க்காரர் பத்திரமாய் வீடு போய்ச்சேரவும் செபித்தோம். நானும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த வருடம், இலைகள் கொட்டும் காலத்தில் அப்பா வந்தார். நான் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தார். முதல் நாள் செபத்துக்கு வந்து நின்றவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உவர் ஆர்?” என்று கேட்டார்.

தண்ணீர்க்காரர் கதையைச் சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அம்மா முந்திக்கொண்டார்.

“நீங்கள் வருமட்டும் இந்த வீட்டில இருந்த ஆம்பிளை.”

அப்பா முழங்காலில் நின்றார்.