ரோமாபுரியில் ஒரு நாள் லீவு

மரக்காணத்து உப்பள மேஸ்திரி சிங்காரத்துக்குத் தபால்வழி எம்.ஏ. வரலாற்றில் ரோமாபுரித் தாள் மட்டும் பாக்கி. இரண்டு தடவை போய்விட்டது. இந்த 2005 மே மாதத்தையும் கோட்டை விட்டால் பதிவே காலாவதி. பரீட்சை திங்கட்கிழமை, பாண்டிச்சேரியில்.

வெயில் காலத்தில் உப்பளத்துக்கு லீவு கிடையாது. மழை பெய்தால் உண்டு, சாவு விழுந்தால் உண்டு. அதனால் போன இரண்டு பரீட்சைக்கும் சிங்காரம் இரண்டு பெரியப்பாக்களைச் சாகடித்திருந்தார். அதில் ஒருவர் பிறகு உப்பு லாரியில் இடம் கேட்டு முதலாளி தனகோடியிடமே வந்து நின்றார். இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

சாப்பாட்டு வேளையில் கொட்டகையில் புத்தகமும் கையுமாக இருந்தவரைப் பாஞ்சாலை பிடித்துக்கொண்டாள். உப்பு வாருகிற பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான்.

"இன்னா மேஸ்திரி, தனியா சிரிக்கிறீங்க?"

"ரோம்ல ஆம்பளைங்களும் ஒடம்ப வித்துப் பொழச்சாங்களாம்."

"வாங்குறது யாரு?"

"பெரிய மனுசனுங்க."

"ஊரு கேக்காதா?"

"வாங்கினவனைக் கேக்காது. அடிமையோட, வேசியோட படுத்தாலும், மேல் கையா இருக்குற வரைக்கும் அவன் கௌரவம் அப்படியே இருக்கும். வித்தவனுக்குத்தான் மானம் மரியாதை போயிடும். ஆனா அரசாங்கம் அவன்கிட்ட வரி மட்டும் கூசாம வாங்கிக்கும். வருசத்துக்கு ஒரு நாள் அவங்களுக்குன்னு பண்டிகை வேற. ஏப்ரல்ல."

பாஞ்சாலை சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "ஏப்ரல்லயா? நல்ல சீசன்லயா?"

அந்நேரம் தனகோடி வந்தார். சிங்காரம் எழுந்து லீவு கேட்டார்.

"சுனாமிச் சேத்த வாரியே பாதி சீசன் போச்சு. இப்ப யாருப்பா செத்தது?"

"யாரும் இல்லீங்க. பரீட்சை."

என்ன பரீட்சை என்பதைப் பாஞ்சாலை விளக்கினாள், குறைக்காமல். தனகோடி புத்தகத்தைப் பிடுங்கினார். "தூ, இதெல்லாம் ஒரு படிப்பா" என்று ஒரு பக்கம் படித்தார். அருவருப்பு தீராமல் அடுத்த பக்கத்தையும் படித்தார்.

"மொதலாளி, அந்த ஆளுங்களுக்கே ஒரு நாள் குடுத்திருக்காங்க. நாங்க அவங்களவிட மட்டமா?" என்றாள் பாஞ்சாலை.

மட்டம் என்று சொன்னால் பாவம். இல்லை என்று சொன்னால் லீவு தரவேண்டும். இரண்டுக்கும் நடுவில் தனகோடி உப்புப் பாத்திகளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை எல்லாருக்கும் லீவு. கோயில் விசேஷம்னு வெளியே சொல்லிக்குங்க. புத்தகம் இங்கியே இருக்கட்டும்."

"படிக்கணுங்க, மொதலாளி."

"அன்னிக்குக் காலையில வாங்கிக்க."

திங்கட்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் சிங்காரம் அவசரமாகப் பக்கம் புரட்ட, பக்கத்து சீட்டில் சினிமாவுக்குக் கிளம்பிய பாஞ்சாலை.

"அந்த லீவு அன்னிக்கு அவங்க இன்னா பண்ணாங்களாம்?"

"அதைப் போடலியே."

"தூங்கியிருப்பாங்க" என்றாள். வழியில் காலாப்பட்டு வருவதற்குள் அவளும் தூங்கிவிட்டாள்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. வரி, இழிவு, பண்டிகை எல்லாம் எழுதிவிட்டு, 'அன்று பெரும்பாலும் உறங்கினர்' என்று சிங்காரம் ஆதாரமில்லாமல் ஒரு வரி சேர்த்தார். பாஸ்.