ஒறம்பரை வந்த நாள்

ஒறம்பரை என்றால் விருந்தாளி. கிழக்குப் பாலக்காட்டிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். சூரியநெல்லியில் தேயிலை பறிக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் தெரியாது. எலப்புள்ளிக்கு மருமகளாகப் போன மூன்றாம் நாள், மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த மாமியார், “அம்மிணி, வாசல்ல ஒறம்பர வந்திருக்குது பாரு” என்று குரல் கொடுத்தார். விரியன், சுருட்டை மாதிரி அதுவும் ஏதோ ஒரு பாம்பு என்று நினைத்துக்கொண்டேன். மூலையில் கிடந்த தடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், அங்கே மாமியாரின் தம்பி, வெள்ளை வேட்டியும் கையில் பழப்பையுமாக நிற்கிறார். என் கணவர் அன்று சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போன பிறகும் போனில், “தடிய எடுத்துட்டியா?” என்று சீண்டுவார்.

நான் ஜீப் ஓட்டுகிறவள். சூரிய உதயம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களை விடியுமுன் மலை உச்சிக்கு ஏற்றிப்போய் இறக்கிக் கொண்டுவருவது என் வேலை. பாதை என்று சொன்னால் அந்தக் கற்களுக்கே சிரிப்பு வரும். லீவில் வந்த என் கணவரும் அப்படி என் ஜீப்பில் ஏறியவர்தான். பொம்பளை ஓட்டுகிறாளே என்று அவருடைய நண்பர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட, அவர் மட்டும் என் கை கியரை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜீப் ஓட்டுகிறாள் என்று ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவருக்கு, கட்டிக்கொண்டதும் ஜீப் ஆகாமல் போய்விட்டது. நான் எலப்புள்ளியில் மாமியாரோடு இருக்க வேண்டும், அவர் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பார்ப்பார். இதுதான் அவர் கணக்கு. நான் ஒத்துக்கொள்ளாமல் சூரியநெல்லியில் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டேன். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி மலையில் தனியாக வண்டி ஓட்டித் திரிகிறாள் என்று இரண்டு ஊரிலும் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

எல்லையில் சண்டை மூளும்போல இருந்த நாட்களில் அவரைப் போர்முனைக்கு மாற்றினார்கள். எங்கே இருக்கிறார், என்ன நடக்கிறது என்று போனில் சொல்லக் கூடாது. நான் நச்சரித்ததில் அவர் ஒரு வழி சொன்னார். “இங்க குண்டு விழ ஆரம்பிச்சா, ஒறம்பர வந்திருக்காங்கன்னு சொல்றேன். அப்பறம் நாலு நாள் போன் வராட்டியும் பயந்துக்காத.” எங்கள் கேலிச் சொல்லை எடுத்து அதற்கா வைப்பது என்று அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் சண்டைதான்.

“அந்த வேலைய உட்டுட்டு ஊட்டுக்குப் போ. நீ பத்தரமா இருக்கறேன்னு தெரிஞ்சாத்தான் நான் இங்க நிம்மதியா நிக்க முடியும்.”

“உங்க நிம்மதிக்கு நான் ஸ்டியரிங்க விடணுமா? எனக்கு நிம்மதி வேணும்னு கேட்டா, நீங்க துப்பாக்கிய விடுவீகளா?”

“அப்ப நான் திரும்பி வந்தாத்தான் என்ன, வராட்டித்தான் என்ன” என்றார்.

“அது உங்க இஷ்டம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் குரல் செய்தி ஒன்று வந்தது. நான்கே விநாடி. “ஒறம்பர வந்திருக்காங்க.” அதோடு அவர் போன் அணைந்துவிட்டது.

ஐந்து நாள். டீக்கடை டிவியில் புகையையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நான் வண்டி எடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தி வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஒரு நாள் பின்சீட்டில் இருந்த ஒருவர் போனில் சண்டைச் செய்தியைச் சத்தமாக வைத்து, சினிமா பார்ப்பதுபோலக் கைதட்டினார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, “அத அணைங்க, இல்ல எறங்கி நடங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார்.

ஆறாம் நாள் காலை, மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் போனில் கூப்பிட்டார். குரல் நடுங்கியது.

“அம்மிணி, ஊட்டுக்கு ஒறம்பர வந்திருக்கறாங்க. உன்னையத்தான் கேக்கறாங்க. உடனே பொறப்பட்டு வா.”

“யாரு அத்தை?” என்பதற்குள் தொடர்பு அறுந்தது.

அந்தச் சொல் அதற்குள் எனக்கு விருந்தாளி என்ற பொருளைத் தொலைத்திருந்தது. எனக்குச் சொல்லிவைத்ததைப் போலவே தன் அம்மாவுக்கும் அவர் சொல்லிவைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. சீருடை போட்ட ஆட்கள் எலப்புள்ளி வாசலில் நிற்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல் மாமியார் அந்தச் சொல்லால் சொல்கிறார்.

“ஏட்டி, திரும்பக் கூப்பிட்டு என்னன்னு கேளு” என்றார் அம்மா.

“வேண்டாம்மா.”

கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காத வரைக்கும் அவர் இருக்கிறார்.

மூணாறு, மறையூர் வழியாக இறங்கினேன். கை தானாக ஓட்டியது. “அது உங்க இஷ்டம்” என்று நான் சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னாறு காட்டில் ஒரு ஒற்றை யானை சாலையை மறித்து நின்றது. வேறொரு நாளாக இருந்தால் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு, எப்போது நகரும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அன்று, இது நகராமல் இப்படியே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நகர்ந்துவிட்டது. உடுமலையில் சிக்னல் வந்ததும் போனை அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டேன்.

எலப்புள்ளி வீட்டு வாசலில் இரண்டு கார்கள். பந்தல் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. பட்டாளத்து ஆட்கள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உள்ளே போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பெரியவர்கள். நடுவில் மாமியாரின் தம்பி.

“எப்பக் கொண்டு வாராக?” என்று கேட்டேன்.

“யாரைக் கொண்டு வரோணும் கண்ணு?” என்றார் அவர்.

“அவுகளைத்தான். எப்ப வருதுன்னு சொன்னாக?”

மாமியார் கையிலிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். “அட என்ன பேச்சு சாமி இது? இவங்க நம்ம ஒறம்பரதானே. பேசிட்டுப் போலாம்னு வந்திருக்கறாங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. அந்தப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும்தான் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. போன் அணைவதற்கு முந்தின நாள் அவர் தன் மாமாவிடம் பேசியிருக்கிறார். “ஒண்ணு அவ ஊட்டுக்கு வந்து இருக்கோணும். இல்லாட்டி அவுங்கவுங்க வழியப் பாத்துக்கலாம். பெரியவங்க பேசி முடிச்சுருங்க மாமான்னான்” என்றார் மாமா. என்னை விலக்கிவிடச் சொன்னவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அவர்களுக்கும் தெரியாது. ஆறு நாளாக மாமியாருக்கும் போன் இல்லை. குரல் நடுங்கியது அதனால்தான்.

மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தார். “முடிவெல்லாம் பொறவு பாக்கலாம் அம்மிணி. அவன் மனசு இங்க கெடந்தா, அங்க எப்படிக் கவனமா நிப்பான்? வேலைய உட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லீரு. பொய்யாக்கூட இருக்கட்டும்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அங்கே குண்டு போடுகிறவன் எவனோ. அவர் உயிரைக் கொண்டுவந்து என் ஸ்டியரிங்கில் கட்டுகிறார்கள். ஆனால், ஒருவேளை மாமியார் சொல்வது உண்மையாக இருந்தால்? என்னை நினைத்துக்கொண்டு ஒரு விநாடி தலையை நிமிர்த்திவிட்டால்?

நாலு மணிக்கு மாமியாரின் போன் அடித்தது. அவர்தான். தன் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். மாமியார் போனை என் காதில் வைத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“நான் எலப்புள்ளியிலதான் இருக்கேன்” என்றேன். இதுவரை உண்மை.

“நெசமாவா?” குரல் கரகரத்தது. “அந்த வேலை?”

“விட்டுட்டேன். ஜீப்பையும் குடுத்தாச்சு.”

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதியை நான் அவருக்குக் கொடுத்ததில்லை.

சண்டை நின்று ஒரு மாதம் ஆகிறது. நான் அந்தப் போன் வந்த மறுநாளே மலைக்குத் திரும்பிவிட்டேன். மாமியார் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர் லீவில் வருகிறார். உயிரோடு வரட்டும் என்று கும்பிடாத கோயில் இல்லை. வருகிறார். இப்போது அந்த வியாழக்கிழமையை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ரயிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பேசினார். சந்தோஷமாக இருந்தார்.

“ஆமா, ஜீப்ப யாரு வாங்குனாங்க?”

“தெரிஞ்ச பொண்ணு ஒருத்திதான்” என்றேன்.

“பொண்ணா? நல்லா ஓட்டுவாளா?”

“ஓட்டுவா.”