இடுப்புக்கு மேல நான்

பிரசவம் பாக்குற தொழில்ல டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, ஆயா இருக்காங்க; நான் நாலாவது ரகம், பிரசவம் ஆகுற மாதிரி நடிக்கிறவ. சிரிக்காதீங்க. மாசம் பொறந்தா சம்பளம் வாங்குன வேலங்க அது.

கல்யாணம் ஆன மறு மாசத்துலேந்து, "என்னம்மா, விசேஷம் ஒன்னும் இல்லியா?"ன்னு கேட்டு கேட்டே உசுர எடுத்த சொந்தக்காரங்க உங்க வூட்டுலயும் இருந்திருப்பாங்க. இருந்தா நீங்க நம்ம ஆளு, பக்கத்துல வந்து உக்காருங்க. எனக்கும் கல்யாணம் ஆயி வருஷக்கணக்கா புள்ள இல்ல. அத்தன வருஷமும் நான் வேலைக்குப் போன எடம், பிரசவம் பாக்க சொல்லிக் குடுக்குற ஸ்கூலு. ஆண்டவனுக்கும் கொஞ்சம் கிண்டல் ஜாஸ்திதான்.

பாதி பொம்மை

சுனாமிக்கு அடுத்த வருஷம், மஞ்சக்குப்பத்துல ஒரு நர்ஸிங் ஸ்கூல்ல பெருக்கித் தொடைக்கிற வேலைக்குச் சேந்தேன். அங்க பிரசவம் பாத்துப் பழக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. இடுப்பும் ரெண்டு தொடையும்தான். தலை கெடையாது, கை கெடையாது. பொண்ணுங்க அதுக்குள்ளேந்து ரப்பர் கொழந்தைய வெளிய எடுப்பாங்க, துணியில சுத்துவாங்க, முடிஞ்சுது. சொல்லிக் குடுக்குற விமலா டீச்சருக்கு அதுதான் கடுப்பு. 'அப்படித்தானே'ன்னு முடிக்காம ஒரு வார்த்த பேசாத அம்மா அது. "கேர்ள்ஸ், பேஷண்டுக்கு மூஞ்சின்னு ஒன்னு இருக்கும், அப்படித்தானே? அந்த மூஞ்சியப் பாத்துப் பேசணும், அப்படித்தானே?"ன்னு தலையில அடிச்சிக்குவாங்க.

ஒரு நாள் டீச்சர் வர லேட்டாச்சு. நான் தொடப்பத்த ஓரமா வெச்சிட்டு, பொம்மைக்குப் பின்னாடி மேசையில ஏறிப் படுத்து, பெட்ஷீட்ட இழுத்து ரெண்டு பேரையும் சேத்து மூடி, "ஐயோ சிஸ்டர், என்னால முடியல, அப்படித்தானே! புள்ள வருது, அப்படித்தானே!"ன்னு டீச்சர் கொரல்லயே வலியெடுத்துக் கத்துனேன். பொண்ணுங்க வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க. திடீர்னு சிரிப்பு நின்னு போச்சு. எட்டிப் பாத்தா வாசல்ல டீச்சர். வேல போச்சுடி தனம்னு காலத் தொங்கப் போட்டு எறங்கப் போனேன். அவுங்க அந்தப் பெட்ஷீட்டையே செத்த நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "எறங்காத. இடுப்புக்குக் கீழ பொம்மை, இடுப்புக்கு மேல நீ. இப்ப என் கொரல விட்டுட்டு உன் கொரல்ல கத்து, அப்படித்தானே?"

வாட்ச்மேன் கொண்டாந்த ஆட்டோ

கத்தச் சொன்னா நாமதான் கொறச்சலா கத்துவமா? எங்க தெருவுல, சொந்தத்துல, ஆஸ்பத்திரி வாசல்ல கேட்ட கத்தலு எல்லாத்தையும் ஒன்னாக் கலந்து ஒரு கத்து கத்துனேன். கேட்டுல இருந்த வாட்ச்மேன் புதுசு. ஸ்கூல்னு சொன்னாங்களே, இங்க எவளுக்கோ வலி வந்துடுச்சேன்னு மனுஷன் ரோட்டுக்கு ஓடி, போன ஆட்டோவ மறிச்சிக் கூட்டியாந்துட்டாரு. மூச்சு வாங்க உள்ள வந்து பாத்தா நான் ரப்பர் கொழந்தைய மடியில வெச்சிக்கிட்டு டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். மனுஷன் ஒரு நொடிகூட அசரல. "பரவால்லம்மா, பொறந்துடுச்சா? ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லிட்டு ஏறு, ஆட்டோக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்!"

சாந்தி கேட்டது

அன்னிலேந்து பெருக்குறதோட தெனம் கத்துறதும் என் வேலையாச்சு. புவனகிரி பக்கத்துலேந்து சாந்தின்னு ஒரு பொண்ணு படிச்சிச்சு. வெவசாயக் குடும்பம். ரொம்ப சாது, வாயத் தொறந்தா காத்துதான் வரும். நான் கத்துனா அது எனக்கு முன்னாடி அழுவும். "அழுவாதடி, நீ அழுதா நான் எப்படி பெக்குறது"ன்னு நானே சமாதானம் பண்ணுவேன். போகப் போக தேறிடுச்சு. கையப் புடிச்சிக்கும், நெத்தி வேர்வையத் தொடைக்கும், "மூச்ச மெதுவா வுடுங்கக்கா, நான் இங்கயேதான் இருக்கேன்"னு சொல்லும். பொய் வலிதான், ஆனா அது அப்படிச் சொன்னா எனக்கே கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கும்.

ஒரு நாள் எல்லாருக்கும் நடுவுல கேட்டுச்சு, "உங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா? இவ்ளோ தத்ரூபமா கத்துறீங்களே!" நானும் வுடல. "நேத்து ரெண்டு, இன்னிக்கு ஒன்னு, எல்லாம் ரப்பரு"ன்னேன். க்ளாஸே சிரிச்சுது. சாந்தி சிரிக்கல. பொம்மைக் கொழந்தையத் தொடைச்சி ட்ரேயிலதான் வெக்கணும், அதுதான் பழக்கம். அது துணியில நல்லாச் சுத்தி என் கையில குடுத்துட்டு மெதுவா சொல்லிச்சு: "செத்த நேரம் வெச்சிருந்துட்டுக் குடுங்கக்கா."

எங்க வூட்டு 'பாக்கலாம்'

எங்க வூட்டுக்காரரு ஏழுமலை, முதுநகர் ஹார்பர்ல ஐஸ் ஒடைச்சி வண்டியில ஏத்துறவரு. நல்ல மனுஷன். குடி கெடையாது, அடி கெடையாது. ஒரே கொற, எதக் கேட்டாலும் லுங்கிய ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சி, மோவாயச் சொறிஞ்சி, "பா...க்கலாம்"ன்னு இழுப்பாரு. சோறு போடவா மாமா? பா...க்கலாம். மழ வருது, துணிய எடுங்க மாமா. பா...க்கலாம். நான் சிதம்பரம் போயி எல்லா டெஸ்டும் எடுத்துட்டேன். "உனக்கு ஒன்னும் இல்லம்மா, வூட்டுக்காரர கூட்டியா"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரே ஒரு டெஸ்டு மாமான்னு கெஞ்சுனேன். பா...க்கலாம். பாத்துப் பாத்தே ரெண்டு வருஷம் போச்சு.

இதுக்குள்ள எங்க மாமியாரு நெல்லிக்குப்பத்துல அவுங்க தம்பி பொண்ண ரெண்டாந்தாரமா பேச ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்காச்சும் மாட்டேன்னு சொல்லணும்ல? அதுக்கும் அவரு "பா...க்கலாம்". 'பாக்கலாம்'னா எந்நேரமும் வேணாம்னு அர்த்தம் இல்லியே. இதுல என் வேல என்னான்னு வாட்ச்மேன் வழியா மாமியாருக்குத் தெரிஞ்சி போச்சு. அன்னிக்கு நான் செருப்பக்கூட கழட்டல, அதுக்குள்ள கேட்டாங்க: "தெனம் அங்க போயி பெத்துப் போடுறியாமே, அதுல ஒன்ன இங்க பெத்தா ஆவாதா?"

பாக்கியம் திருப்பிக் கேட்டது

அப்புறம் டீச்சர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. புள்ளையில்லாத பொம்பளைங்க என்னா வைத்தியம் பாத்தாங்க, புருஷன் பொண்டாட்டியில யாரு டெஸ்ட் எடுத்தாங்கன்னு கடலோர ஊருங்கள்ல வூடு வூடாப் போயி கேக்கணும். "தங்கள் கணவர் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டாரா?"ன்னு டீச்சர் கேட்டா, புருஷன் என்னமோ கேஸுல மாட்டிக்கிட்டான்னு பயந்துக்கிட்டு அந்தப் பொம்பள உள்ள ஓடிடும். அதனால டீச்சர் எழுதுறது, நான் பேசுறதுன்னு ஆச்சு. நான் டாக்டர் மாதிரி ரெண்டு வார்த்த, சாமியார் மாதிரி ரெண்டு வார்த்த பேசிக் காட்டுனா, பொம்பளைங்க சிரிச்சிக்கிட்டே மனசுல உள்ளதக் கொட்டிடும்ங்க.

ஒரு குப்பத்துல பாக்கியம்னு ஒரு மீன்காரம்மா. சுறுசுறுன்னு மீன் அறுத்துக்கிட்டே பதில் சொல்லிச்சு. எந்தக் கோயிலு, எந்த மருந்து, எந்த மந்திரிச்ச கயிறு, ஒன்னு விடல. "வூட்டுக்காரரு டெஸ்ட் எடுத்தாராக்கா?"ன்னு கேட்டதுதான் தாமசம், கை நின்னு போச்சு. என் கழுத்துத் தாலியப் பாத்துச்சு. "உனக்கு எத்தினி புள்ள?" இல்லக்கான்னேன். "ஒன் ஊட்டுக்காரரு எடுத்தாரா?" நான் தாலிய முந்தானைக்குள்ள இழுத்து வுட்டுக்கிட்டேன். டீச்சர் பேனாவ மூடிட்டாங்க. பாக்கியம் மறுபடியும் மீன் அறுக்க ஆரம்பிச்சிச்சு: "மொதல்ல ஒன் ஊட்டு ஆளக் கேட்டுக்கினு வா. அப்பறமா என் பதில எழுதிக்க."

பின்னாடி நின்ன ஆளு

கணக்கெடுப்பு முடிஞ்சதும் டீச்சர் சொன்னாங்க, கேள்விய மட்டும் கேட்டுட்டுப் போயிடக் கூடாது, ஊருக்கு நம்ம பக்கமும் ஒன்னு சொல்லணும், புள்ள இல்லன்னா ரெண்டு பேருமே டெஸ்ட் எடுக்கணும்னு. மைக்குல சொன்னா எவன் கேப்பான்? நாடகமா போட்டுடலாம்னேன். பாக்கியம் இருக்குற குப்பத்துல, வலை காயப்போடுற மணல்ல, சாயங்காலம், எல்லா வேஷமும் நானே. டாக்டர் ஆச்சு, மாமியார் ஆச்சு. புருஷன் வேஷத்துக்கு எவன நடிக்கிறது? எனக்குத் தெரிஞ்ச புருஷன் ஒருத்தர்தான். பொடவைக்கு மேல லுங்கியச் சுத்தி, ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சி, மோவாயச் சொறிஞ்சி, "பா...க்கலாம்"ன்னு இழுத்தேன் பாருங்க, பொம்பளைங்க மணல்ல பொரண்டுட்டாங்க. ஆம்பளைங்ககூட வெக்கத்தோட சிரிச்சாங்க. எனக்கு கிறுக்கு ஏறிப் போச்சு. மறுபடி ஒன்னு, மறுபடி ஒன்னு.

அப்பத்தான் கவனிச்சேன், தலைங்க எல்லாம் பின்னாடி திரும்புது. படகுக்கு ஐஸ் எறக்க வந்த வண்டி பனமரத்துகிட்ட நிக்குது. அதுலேந்து எறங்கி, கூட்டத்துக்குப் பின்னாடி, லுங்கிய ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, மோவாயில கைய வெச்சி நிக்கிறாரு எங்க மாமா. எவ்ளோ நேரமா நின்னாரோ. தூக்கிப் புடிச்சிருந்த லுங்கியக் கீழ வுட்டேன். பாக்கியம்தான் சத்தம் போட்டுச்சு: "அடியே தனம், ஒரு மயிருகூட தப்பா நடிக்கலடி நீ, ஆளு அப்பிடியே இருக்காரு!"

சிதம்பரம் பஸ்ஸு

அதுக்கப்புறம் மனுஷன் என்கிட்ட பேசல. போட்டா சாப்புட்டாரு, பாய விரிச்சா படுத்தாரு. 'பாக்கலாம்'கூட வரல. ஊரு முன்னாடி ஒரு ஆம்பளைய இப்படிப் பண்ணிட்டேனே, இனிமே நெல்லிக்குப்பத்துக்கு சரின்னு சொல்லிடுவாருன்னு எனக்கு பயம். மாமியாரு நேரம் பாத்து ஆரம்பிச்சாங்க: "திங்கக்கெழம நல்ல நாளுடா. போயி பொண்ணப் பாத்துட்டு வந்துடுவோம்." அடுப்படியில நான் கரண்டியத் தூக்கிப் புடிச்சபடியே நிக்கிறேன். அவரு சாதாரணமா சொன்னாரு, "நீ போயிட்டு வாம்மா. திங்கக்கெழம நாங்க சிதம்பரம் போறோம்."

பேண்ட்டு, இஸ்திரி போட்ட சட்ட. கல்யாணத்துக்கு அப்புறம் அன்னிக்குதான் அந்தக் கோலம். சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க நாத்தத்துக்கு பஸ்ஸு ஷட்டர எறக்கி வுட்டுட்டு, மூடுன ஷட்டரப் பாத்துக்கிட்டே கேட்டாரு, "நான் அவ்ளோ நீட்டாவா இழுக்குறேன்?" "இல்ல மாமா, கூட்டத்துக்காக கொறச்சிதான் இழுத்தேன்"னேன். சிரிப்ப அடக்குனதுல சிதம்பரம் வரைக்கும் அவரு தோளு குலுங்கிக்கிட்டே வந்துச்சு.

புள்ளையில்லாதவங்களுக்குப் பாக்குற எடம். வராண்டா முழுக்க பொம்பளைங்க, அவுங்க அம்மா, அவுங்க மாமியாரு. புருஷமாருங்க எல்லாம் வெளிய டீக்கடையில. நாங்க போயி நின்னதும் கதவுகிட்ட இருந்த சிஸ்டரம்மா கத்துனாங்க, "ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க! பேஷண்ட் மட்டும் உள்ள!" போச்சுடா, மனுஷனுக்கு நல்ல சாக்கு கெடச்சிடுச்சின்னு நெனச்சேன். அவரு கை தன்னால இடுப்புக்குப் போச்சு. தூக்கிப் புடிக்க லுங்கி இல்ல, பேண்ட்டு. கை அந்தரத்துலயே நின்னுது. வராண்டாவே பாக்குது. தொண்டையக் கனைச்சாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, கொஞ்சம்கூட இழுக்காம சொன்னாரு: "நான்தாம்மா பேஷண்ட்."

வைத்தியமும் நடந்து, பொண்ணும் பொறந்து, அவளே இப்ப என்னைய நடிச்சிக் காட்டுற அளவுக்கு வளந்துட்டா. டாக்டரு, டீச்சரு, மாமியாருன்னு எல்லார் மாதிரியும் பேசுற எனக்கு அவரு அன்னிக்கு வராண்டாவுல சொன்ன அந்த ஒன்ன மட்டும் சொல்லப் போனா இன்னமும் கொரலு ஒடஞ்சிடுது, அதனால கத சொல்லும்போது அந்த எடம் வந்தா அவரையே கூப்புட்டு சொல்ல வெச்சிட்டு நான் ஒதுங்கிக்கிறேன்.