சிவப்புப் பொட்டு வைத்த போல்ட்டுகள்

மால்டாத் தீவின் துறைமுக ஊரான பொர்ம்லாவில் விஸ்டின் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'ஆணி' என்று சொல்ல வேண்டும். ஒடிசலான உடம்பும் தட்டைத் தலையும் கொண்ட அந்த வீட்டு ஆண்களுக்கு அப்பா காலத்திலிருந்து அதுதான் பட்டப்பெயர். அப்பாவைப் போலவே விஸ்டினும் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக முப்பத்தெட்டு வருஷம் உழைத்தார். பட்டறையை மூடி வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் நார்து எழுபதாம் வருஷமே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருந்தது. அம்மா போன பிறகு மிஞ்சியது, இரண்டு தெரு தள்ளி வசித்த அக்கா ஸ்டெல்லாவும், கொட்டகையில் நின்ற பச்சை மோரிஸ் மைனரும்.

அந்த மோரிஸுக்கு இடது பக்கத்து சிக்னல் கை இல்லை. பழைய மோரிஸில் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அதைத் தேடி விஸ்டின் மால்டா முழுக்க அலைந்துவிட்டார். செப்டம்பரில் ஒரு நாள், பக்கத்துத் தீவான கோசோவிலிருந்து பாலாடைக்கட்டி கொண்டுவந்து விற்கிறவன் சொன்னான்.

"ஆர்ப் ஊருக்கு அந்தாண்ட, கடைசி வீட்டுல ஒண்ணு நிக்குது. கார்னு சொல்ல முடியாது. துருவுக்கு நாலு டயர் மாட்டின மாதிரி இருக்கும். வீட்டுக்காரம்மா பேரு பவுலினா. யாரோடவும் அதிகம் பேச்சு வெச்சுக்க மாட்டாங்க."

மறுநாள் காலைப் படகில் விஸ்டின் கடலைத் தாண்டினார். தென்கிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வந்தால் சுவரெல்லாம் வேர்க்கும், போர்த்திய துணிகூட நனைந்து கிடக்கும். ஆர்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, முள்கத்தாழை வேலி ஓரமாக அரைமணி நேரம் நடந்தார். அந்த வீட்டுக்கு அப்பால் செங்குத்தான பாறை, அதற்குக் கீழே கடல்.

கதவைத் திறந்தவளுக்கு எழுபது வயதிருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை மெல்லப் பார்த்தாள்.

"இவ்வளவு வயசாயிடுச்சா உனக்கு," என்றாள்.

விஸ்டின் ஓரடி பின்வாங்கினார். "என்னை யாருன்னு நினைச்சீங்கக்கா? நான் மால்டாலேருந்து வர்றேன். பழைய கார் ஒண்ணு இருக்காமே."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஆமா. கார் இருக்கு," என்றாள் வேறு குரலில். "எது வேணுமோ கழட்டிக்கோ. காசெல்லாம் பேசாதே."

வீட்டுக்குப் பின்னால் கல்வளைவு போட்ட ஒரு தாழ்ந்த அறை. கடல் பக்கம் ஒரு சன்னல். உள்ளே மோரிஸ் முழங்கால் மடிந்த மாடு போல முன்பக்கம் சரிந்து நின்றது. பானட்டைத் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. தரைத்தகடே இல்லை. கதவைத் திறந்தால், கால் வைக்க வேண்டிய இடத்தில் மண்ணும் எலிப் புழுக்கையும் கிடந்தன. ஆனால் கதவுத் தூண்கள் உறுதியாக இருந்தன. இடது தூணில் சிக்னல் கை பத்திரமாக மடங்கி உட்கார்ந்திருந்தது.

விஸ்டின் போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, துருவைச் சுரண்டினார். முதல் போல்ட்டின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அடுத்ததிலும் இருந்தது. சிவப்பு ஈயப் பெயின்ட். நட்டை முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு ஒரு பொட்டு வைப்பது பட்டறைக்காரர்கள் பழக்கம்தான். ஆனால் பொட்டை நடுவில் வைக்காமல், ஓரமாக, முறுக்கிய திசையில் இழுத்து விடுவது அப்பாவின் கை. விஸ்டினும் அப்படித்தான் வைப்பார். நட்டுக்கு அடியில் வாஷர் இரண்டு இருந்தது. அதுவும் அவர் செய்கிற வேலை.

'பட்டறை ஆள் எவனோ பார்த்திருக்கான்,' என்று சொல்லிக்கொண்டார்.

மதியம் பவுலினா ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். தக்காளி தேய்த்து, எண்ணெய் விட்டு, மேலே மிளகுப் பாலாடைக்கட்டி. அவர் கையில் எடுத்துப் பார்த்தார். ரொட்டியின் உள்சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் மேலோட்டில் செய்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவர் உள்சதையைத் தின்னமாட்டார். அதற்காக அம்மாவிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறார்.

"இப்படித்தான் செய்வீங்களா?"

"இந்த வீட்டுல இப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் தின்றார்.

இரண்டாம் நாள் போகாமல் இருந்திருக்கலாம். போனார். ஸ்பீடாமீட்டரைக் கழற்றுவதற்காக ஓட்டுநர் சீட்டில், கிழிந்த கம்பிச்சுருள் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கால் நேராகப் பெடலுக்குப் போனது. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் தடவியபோது, டாஷ்போர்டுக்கு அடியில், வலது முழங்காலுக்கு மேலே, விரலில் ஒரு சுவிட்ச் பட்டது. மோரிஸில் அந்த இடத்தில் சுவிட்ச் கிடையாது. திருடன் கையில் வண்டி கிளம்பாமலிருக்க அவர் தன் பச்சை மோரிஸில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். இதே இடத்தில். யாருக்கும் சொன்னதில்லை.

சுவிட்சிலிருந்து போன வயர்களை மெழுகுநூலால் கட்டியிருந்தார்கள். எட்டுப் போட்டு உள்ளே இழுத்துவிட்ட, அவர் போடுகிற அதே முடிச்சு. அந்த முடிச்சைத் தொட்டுக்கொண்டே அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இந்த வண்டியைத் தானே வேலை பார்த்துவிட்டு மறந்துபோனது போல இருந்தது. பின்சீட்டில் யாரோ மூச்சுவிடுவது கேட்டுத் திரும்பினார். கடல்காற்று சன்னல் வழியே வந்து போய்க்கொண்டிருந்தது. வாசலில் பவுலினா நின்றிருந்தாள். அவர் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த வரிச் சீட்டைத் துடைத்துப் பார்த்தார். 1983 என்று இருந்தது.

மூன்றாம் நாள் இடது கதவின் உள்பலகையைப் பெயர்த்தார். உள்ளே கம்பியில் ஒரு புகையிலை டப்பா தொங்கியது. மீந்த திருகாணிகளைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டுக் கதவுக்குள் தொங்கவிடுவதும் அவர் வழக்கம்தான் என்பதால், முதலில் வியப்பே வரவில்லை. மூடியைத் திருப்பியதும் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூடியில் நாலு எண்கள் ஆணியால் குத்தப்பட்டிருந்தன. 4417. பட்டறையில் அப்பாவின் எண். நார்து கப்பலேறிய வாரம் அந்த டப்பாவைக் காணோம் என்று அப்பா வீட்டையே புரட்டிப் போட்டார். விஸ்டின்தான் எடுத்தான் என்று கன்னத்தில் அறைந்தார். அப்போது விஸ்டினுக்குப் பதினெட்டு வயது.

டப்பாவோடு சமையலறைக்குள் நுழைந்தார். பவுலினா எழுந்திருக்கவில்லை.

"நார்து எங்கே?"

"உட்காரு."

"எங்கேன்னு கேட்டேன்."

"எண்பத்து நாலுல போயிட்டான். நெஞ்சுல சளி கட்டி, பதினோரு நாள். எங்கப்பா கல்லறையிலதான் கிடக்கான். எங்க வீட்டு ஆளுங்க பேரைப் பொறிக்க விடல."

"அவன் மெல்போர்ன்ல இருந்தான். கடிதாசி வந்துச்சு. நானே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். அது நின்னு போனதும் அங்கேயே செத்திருப்பான்னு நினைச்சோம்."

"இந்த மேசையில உட்கார்ந்துதான் எழுதுவான். என் மாமா பொண்ணு அங்கே இருந்தா. மொத்தமா அவளுக்கு அனுப்புவோம், அவ ஒண்ணொண்ணா தபால்ல போடுவா." அவள் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினாள். "எனக்குப் புருஷன் இருந்தான். கனடா போனவன் திரும்பி வரல. செத்தானா இருக்கானான்னும் தெரியல. அப்போ இந்த நாட்டுல கல்யாணத்தை ரத்து பண்ண வழியில்ல. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவார்னு நார்து சொன்னான். அதான் கப்பல்னு சொல்லிட்டு, படகேறி இங்கே வந்தான்."

பொர்ம்லாவிலிருந்து அந்த வீட்டுக்கு மூன்று மணி நேரம். பதினான்கு வருஷம் அண்ணன் அந்தத் தூரத்தில் இருந்திருக்கிறான். அம்மா ஆஸ்திரேலியப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, வானிலைச் செய்தியில் மெல்போர்னில் மழையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவைகூட எங்களைப் பார்க்கணும்னு தோணலயா அவனுக்கு?"

"உன்னைப் பார்த்தான். எழுபத்தெட்டுல, ஆகஸ்ட் திருவிழாவுல. நீ வாணவேடிக்கை பார்க்க இங்கே வந்திருந்தே. உனக்கு நேர் பின்னாடி நின்னான். தலைமுடியில மத்தாப்புச் சாம்பல் விழுந்துதாம், தட்டிவிடலாம்னு கையைத் தூக்கினானாம். அப்புறம் கூட்டத்துக்குள்ள ஒதுங்கிட்டானாம்."

விஸ்டின் கையைத் தலைக்குக் கொண்டுபோய், பாதியில் இறக்கிவிட்டார். கருவிகளை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினார். படகில் தனக்குப் பின்னால் யாரும் நிற்பதைத் தாங்க முடியாமல், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டே பீன்ஸ் உரித்தாள்.

"எவளோ கிழவி உன் தலையில மிளகாய் அரைச்சிருக்கா. நம்பிட்டு வந்து நிக்கிறே."

"அப்பாவோட டப்பா இருக்கு, ஸ்டெல்லா."

"இருக்கட்டும். என் அண்ணன் ஆஸ்திரேலியாவுல செத்தான். இனிமே இதைப் பேசாதே." உரித்த பீன்ஸைத் தோலோடு சேர்த்துக் கொட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

பத்து நாள் கழித்துப் பாலாடைக்கட்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். "காரைப் பாதி கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டீங்களாம். வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது, பார்க்க முடியல, வந்து முடிக்கச் சொல்லுன்னு அந்தம்மா சொல்றாங்க."

விஸ்டின் போனார். ஒரு வாரம் வேலை. சிக்னல் கை, ஸ்பீடாமீட்டர், கைப்பிடிகள், பின்கண்ணாடி என்று எடுக்கக்கூடியதெல்லாம் எடுத்தார். மிச்சத்தை இரும்புக்காரன் வண்டியில் அள்ளிப் போட்டார்கள். அந்த அறைத் தரையில் கார் வடிவத்தில் ஒரு சிவப்புக் கறை தங்கியது. பவுலினா எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போய்வரத் தொடங்கினார். கூரைக் கல் நகர்ந்திருக்கும், குழாய் ஒழுகும். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினார். கல்லறையில் பெயர் வெட்ட அவள் வீட்டார் இப்போதும் சம்மதிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் அவளுக்கு மறதி வந்தது. ஒரு நாள் கிணற்றடியிலிருந்து, "நார்து, வாளியைக் கொண்டா," என்றாள். "நான் விஸ்டின்," என்றார். அடுத்த மாதமும் சொன்னார். அதற்கடுத்த முறை வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆர்ப் சதுக்கத்தில் சாராயக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு முறை அவர்களில் மூத்தவர் கையைத் தூக்கினார்.

"என்ன நார்து, ரொம்ப நாளா ஆளையே காணோம்."

விஸ்டின் நின்றார். "வேலை இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் கடைசி வீட்டை நோக்கி நடந்தார்.