மறிக்க ஆளில்லாத பாலம்

2012ஆம் ஆண்டு அண்ணா மூன்று கிழமை லீவில் சிட்னிக்கு வந்தார். ஜெர்மன் பாஸ்போர்ட்காரர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து இருபது வருடங்களாகியிருந்தன. நான் இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு, சிட்னியின் புறநகரான டூங்கபியில் ஓர் அறையில் இருந்தேன். கையில் பிரிட்ஜிங் விசா, வழக்கு முடியும்வரை தரும் தற்காலிக விசா. வேலை செய்யலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது.

அண்ணாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் சலவை ஆலையில் வேலை முடித்து வரும்போது தெருவில் நடந்துகொண்டிருப்பார். சாப்பிடும்போதும் கண் போனில்தான். இரண்டாம் கிழமை, மெல்பேர்னில் இருக்கும் சின்னம்மாவைப் பார்க்க என் பழைய காரில் புறப்பட்டோம்.

வழி நெடுக அவர் வேலைகளைப் பற்றியே பேசினார். குடும்பம் ஜெர்மனியில் இருக்க, ஹொலண்டில் பூப்பண்ணை, பிறகு பெல்ஜியத்தில் கட்டட வேலை, இப்போது லண்டனில் ஹோட்டல் குசினியில் சமையல். ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்ததால் ஐரோப்பாவில் எங்கேயும் பெர்மிட் கேட்கவில்லையாம். ஒரு முதலாளி ஏசினால் அடுத்த நாட்டுக்கு பஸ் ஏறலாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் கத்தினால் நான் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடிப்பேன்.

ஆல்பரியில், இரண்டு மாநிலங்களுக்கு எல்லையான ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினேன்.

“ஏன் பிள்ளை, என்ன பிழை?”

“போடர் தாண்டிட்டம் அண்ணா. இனி விக்டோரியா. ஒருத்தரும் மறிக்கேல்லை.”

அவர் சிரித்தார். “பெல்ஜியத்தில வேலை செய்யேக்க நான் கிழமைக்கு ரெண்டு தரம் ஒரு நாட்டு எல்லையே தாண்டினனான். பஸ்ஸுக்க நித்திரையாப் போயிருப்பன்.”

“உங்களுக்கென்ன, குடுத்துவச்சனீங்கள்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “ஓம். வேலை எங்கயோ அங்க நான். முதல் தரம் ஹொலண்டுக்கு அண்ணியும் பிள்ளையளும் வந்தவை. பள்ளிக்கூடத்தில மூத்தவள் பாஷை விளங்காமல் ஒரு வருஷம் வாயே திறக்கேல்லை. திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டன். பெல்ஜியத்துக்கு அண்ணி வரமாட்டன் எண்டிட்டா. இப்ப பிள்ளையள் தங்களுக்க ஜெர்மன்ல கதைக்குங்கள், நான் பக்கத்தில இருந்து அரைவாசி விளங்காமல் சிரிப்பன்.”

“அப்ப திரும்பிப் போய் அங்கயே ஒரு வேலை பாக்கிறதுதானே?”

“பாத்தனான். ஆறு மாதம் இருந்தன். கால் நிக்குதில்லை.”

நான் காரை மறுபடி ரோட்டில் ஏற்றினேன். ஏன் கேட்டோம் என்றிருந்தது.

சின்னம்மா வீட்டில் இரண்டாம் நாள் அவருக்கு போன் வந்தது. டென்மார்க்கில் புது வேலை, திங்கட்கிழமை தொடங்க வேண்டும். லீவில் இன்னும் எட்டு நாள் மிச்சமிருந்தது. டிக்கெட்டை மாற்றி, மெல்பேர்னிலிருந்தே ஏறிவிட்டார். நான் தனியாக சிட்னிக்குக் காரை ஓட்டி வந்தேன். கோபத்தில் எங்குமே நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் எனக்கு நிரந்தர விசா கிடைத்தது; இனி வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். முதலில் அண்ணாவுக்குத்தான் போன் எடுத்தேன். மறுமுனையில் பாத்திரங்கள் மோதும் சத்தத்தின் நடுவே கத்தினார்.

“உடனே வெளிக்கிடு! எப்ப வாறாய்?”

“எந்த நாட்டுக்கு வாறது அண்ணா?”

அவர் குசினியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், பாத்திரச் சத்தம் நின்றது.

“ஜெர்மனிக்கு வா, வீட்டுக்கு. நான் லீவு எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறன்.”