நாற்பத்தோராவது வாக்கியம்

நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனத்தை வழிநடத்தும் நிபுணர் குழுவில் பல் டாக்டருக்கு இடம் கிடைத்தபோது, அவர் மனைவி ஒரே மாலையில் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது முதல் கூட்டத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நீண்ட மேசையின் கடைசியில், கதவை ஒட்டி ஒரு நாற்காலி. யார் உள்ளே வந்தாலும் கதவு அதன் முதுகில்தான் இடிக்கும். டீ வந்தால் எழுந்து வழிவிட வேண்டும், டீ போனால் கதவைச் சாத்த வேண்டும். இரண்டாவது கூட்டத்திலேயே அது அவர் வேலை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. தையற்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி, அதில் ஏறினால் இரண்டு அறை. முப்பத்தொரு வருடமாக அங்கேதான் ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர்களின் முகம் அவருக்குச் சுலபத்தில் நினைவுக்கு வராது. பஸ்ஸில் யாராவது வணக்கம் சொன்னால் விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், "அட, மேல் வரிசை இடதுபக்கம் நாலாவது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நலம் விசாரிப்பார். சொந்த மைத்துனரையே ஒருமுறை தாடையை வைத்துத்தான் கூட்டத்தில் கண்டுபிடித்தார்.

குழுவின் வேலை வருடத்துக்கு ஒருமுறை ஒரு வழிகாட்டி எழுதுவது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் எல்லாப் பள்ளிக்கும் அது போகும். அதில் இருப்பதைச் செய்தே ஆக வேண்டும், இல்லாததை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். வழிகாட்டியில் சரியாக நாற்பது வாக்கியம். நாற்பத்தொன்று கூடாது. ஏன் நாற்பது என்று பல் டாக்டர் ஒருநாள் பழைய கோப்புகளைக் கிளறிப் பார்த்தார். முதல் வருடம் அச்சடித்தவர் ஒரு தாளில் நாற்பதுக்கு மேல் கொள்ளாது என்று சொல்லியிருக்கிறார். அச்சகம் போய்விட்டது, அந்தத் தாளும் போய்விட்டது, நாற்பது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பல் டாக்டரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். "பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவர் பார்க்க வேண்டும்." இதற்கு ஒரு காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். வகுப்பில் பதிலே சொல்லாது, மந்தம் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்களாம். வாயைத் திறந்தால் கடைவாயில் மூன்று பல் சீழ் பிடித்துக் கிடந்தது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை சரியாகத் தூங்கவே இல்லை. மூன்றையும் எடுத்த பிறகு, அடுத்த வாரம் வந்து அவர் மேசையில் இருந்த எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டது. அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இன்னும் எத்தனை பள்ளியில் எத்தனை கடைசி வரிசையோ என்ற நினைப்பு அதன் பிறகு அவரை விடவே இல்லை.

குழுவில் இதைச் சொன்னால் உருகிப்போவார்கள் என்று நம்பினார், பாவம். முதல் வருடம் குழந்தைகள் டாக்டர், பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்றார். இரண்டாம் வருடம் எலும்பு டாக்டர் தூங்கிவிட்டார். மூன்றாம் வருடம் கணக்கு நிபுணர், பல்வலியால் செத்தவர்களின் எண்ணிக்கை வரைபடத்தில் கண்ணுக்கே தெரியவில்லை என்று திரையில் காட்டினார். நான்காம் வருடம் வாக்கியம் ஏறக்குறைய நுழைந்தேவிட்டது, அதற்குள் தோல் டாக்டரின் வெயில் வாக்கியம் முந்திக்கொண்டது. ஐந்தாம் வருடம் பத்து பேர் ஐந்துக்கு ஐந்து என்று நின்றார்கள். தலைவரம்மா தன் ஓட்டை எதிராகப் போட்டார்.

தலைவரம்மா தொற்றுநோய் நிபுணர். மூன்று பெரிய நோய்களை நாட்டை விட்டு விரட்டியவர். நியாயம் என்றால் ஊசிமுனையளவும் பிசகாதவர் என்று பெயர். நிறுவனத்தின் பேனாவால் வீட்டு விலாசம்கூட எழுத மாட்டார். அவர் ஒன்றைக் கூடாது என்றால் அது உண்மையிலேயே கூடாது என்று நினைப்பதால்தான். அதனால் பல் டாக்டரால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை. வீட்டுக்கு வந்து வழிகாட்டியைத் திட்டினார்.

இப்போது ஆறாம் வருடம், கடைசிக் கூட்டம். அன்று சாயங்காலத்தோடு பல் டாக்டரின் பதவிக்காலம் முடிகிறது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வரப்போவது ஒரு மயக்க மருந்து நிபுணர். இன்று நுழையாவிட்டால் அந்த வாக்கியம் இனி எக்காலத்திலும் நுழையாது.

காலையில் தலைவரம்மா வந்து உட்கார்ந்ததுமே கன்னத்தில் கை வைத்தார். ஏழாவது வாக்கியத்தில் கண்ணை மூடினார். ஒன்பதாவதில் பேச்சே வரவில்லை. சும்மா விடுவார்களா நிபுணர்கள்? இதய டாக்டர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து, தாடை வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இது இதயமாக இருக்கலாம் என்றார். காது டாக்டர் அவரை நகர்த்திவிட்டு இது சந்தேகமில்லாமல் காது என்றார். கழுத்தெலும்பு என்றார் எலும்பு டாக்டர், விழித்திருந்த ஒரே கூட்டத்தில். மனநல டாக்டர் மெதுவாகப் பக்கத்தில் அமர்ந்து, வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்டார். கணக்கு நிபுணர் டாக்டரே இல்லை, அவரும் ஒரு வாய்ப்புவிகிதம் சொன்னார். ஆளாளுக்கு நாட்டாமை செய்து முடித்தபோது ஒரு வலி மாத்திரை வேண்டும் என்று தோன்றியது. ஒன்பது மாடிக் கட்டடம், நாட்டின் ஆரோக்கியம் முழுவதும் அங்கேதான் முடிவாகிறது, முதலுதவிப் பெட்டி மட்டும் இல்லை. கடைசியில் வாசல் காவலாளியின் சட்டைப்பையிலிருந்து அரை மாத்திரை கிடைத்தது.

பல் டாக்டர் கதவருகே உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டார். கீழ் வரிசை, வலதுபுறம், கடைவாய். வீக்கம் தாடைக்கு இறங்கிவிட்டது. தலைவரம்மா எல்லாரையும் பார்த்தார், அவரை மட்டும் பார்க்கவே இல்லை.

நடைபாதைக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? ஓட்டுப் போடுறேன்னு சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பல்லைத் தொடுங்க."

"அப்படியெல்லாம் பேசாதே," என்று போனை வைத்துவிட்டார். அந்த யோசனை தனக்கும் ஒரு நொடி வந்துபோனதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் தலைவரம்மாவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனார். பத்து நிமிட தூரம். மாடிப்படி ஏறி, நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்தவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எத்தனை நாளா வலிக்குது மேடம்?"

"பதினோரு மாசமா."

"பதினோரு மாசமா! ஏன் வரல?"

தலைவரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். "உங்ககிட்ட வந்தா உங்க வாக்கியத்துக்கு நான் கடமைப்பட்ட மாதிரி ஆயிடும். ஓட்டு முடிஞ்சதும் வரலாம்னு இருந்தேன்."

"வேற பல் டாக்டர்கிட்ட போயிருக்கலாமே."

"போனா நீங்க வருத்தப்படுவீங்களேன்னு."

பல் டாக்டர் கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மனுஷி, ஒரு ஓட்டு அழுக்குப்படக் கூடாது என்று பதினோரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் அந்தப் பல்லை. அவர் மேல் அன்று வந்த மரியாதை அதற்கு முன் யார் மேலும் வந்ததில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் காரில் தலைவரம்மா தன் குறிப்பேட்டைத் திறந்து, கூட்ட நிரலில் "பல்" என்றிருந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினார். ஆதரவு. எழுதியதை மறைக்கவும் இல்லை. ஆறு வருடம் ஏங்கிய ஓட்டு. ஐந்தும் ஒன்றும் ஆறு என்று பல் டாக்டரின் மனம் தானாகக் கூட்டிப் பார்த்துக் குதித்தது. ஆனால் கட்டடத்தின் படியேறும்போதே குதிப்பு அடங்கிவிட்டது. மத்தியானம் பல்லைப் பிடுங்கினான், சாயங்காலம் ஓட்டை வாங்கினான் என்று நாளைக்கே பேசுவார்கள். அடுத்த வருடம் அந்த வாக்கியத்தை அடிக்க அந்தப் பேச்சே போதும். இந்த அம்மா பதினோரு மாதம் காத்த பெயரும் போய்விடும்.

கூட்டம் தொடங்கியதும் பல் டாக்டர் எழுந்தார். யாருக்காவது இன்னொரு உறுப்பினரோடு சொந்தத் தொடர்பு இருந்தால், ஓட்டின்போது இருவரும் வெளியே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. "மேடம் மத்தியானத்திலேருந்து என்னோட நோயாளி," என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் வெளியே போனால் ஆதரவு நாலு, எதிர்ப்பு ஐந்து. கணக்கு நிபுணர் இல்லாமலே போடக்கூடிய கணக்கு.

தலைவரம்மா ஏதோ சொல்ல வந்தார். வாயில் பஞ்சு இருந்தது. அவரும் பேசாமல் எழுந்து பின்னால் வந்தார். இருவரும் நடைபாதையில் இருந்த மரப் பெஞ்சில், தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்த இன்று உள்ளே ஆள் இல்லை. அது பாதி திறந்தபடியே நின்றது, பேச்சு முழுவதும் வெளியே கேட்டது.

குழந்தைகள் டாக்டர் பால் பல்லிலிருந்து தொடங்கினார். கணக்கு நிபுணர் வரைபடத்தைத் தேடினார். பல் டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது காது டாக்டரின் குரல் கேட்டது. ஐந்து வருடமும் எதிராக ஓட்டுப் போட்ட மனிதர்.

"காலையில அது காதுன்னு சொன்னது நான்தான். அவர் இதயம்னார், இவர் கழுத்துன்னார். ஒன்பது பேரு சுத்தி நின்னோம். வாயைக் கொஞ்சம் திறங்கன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல. நமக்கே தோணலன்னா, அறுபது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இருக்கிற ஒரு டீச்சருக்கு எப்படித் தோணும்?"

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு இதய டாக்டர், இருபத்துமூன்றாவது வாக்கியம் என்ன என்று கேட்டார். குழுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைப்பது என்று குறிப்பெழுதும் அம்மா படித்தார். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாமே என்றார் இதய டாக்டர். கை தூக்கச் சொன்னார்கள். குறிப்பெழுதும் அம்மா நிதானமாக எண்ணினார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, ஒன்பதில்தான் நிறுத்தினார்.

பல் டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. தலைவரம்மா அவர் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. மரத்துப்போன உதட்டைப் பிரித்து, பஞ்சுக்குள்ளிருந்து என்னவோ சொல்லப் பார்த்தார்.

"பேசாதீங்க மேடம்," என்றார் பல் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும்."